எழுபத்தெட்டு முறை திறந்த தளம்

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவருக்குப் பாட்டிலக்கா என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒதுங்கியே நடப்பார்கள். விஷயம் அவ்வளவு பெரியதில்லை. ஊர்க் குழாய்களிலிருந்து தினமும் நாற்பது பாட்டில் தண்ணீர் சோதனைக்கு வரும். நாற்பதையும் சோதிப்பது எல்லோரும் செய்வது. பாட்டிலக்கா நாற்பத்தோராவதாக, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலையும் வரிசையில் வைப்பார். அதிலும் அழுக்கு தெரிந்தால் கோளாறு குழாயில் இல்லை, நம்மிடம். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் அதை வைத்து, மூன்று மேலதிகாரிகளின் பொறுமையையும் சேர்த்துச் சோதித்து முடித்தவர்.

வீட்டில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. இணையத்தில் எந்தத் தளம் எங்கே தடுக்கப்படுகிறது என்று அளக்கும் மென்பொருள் ஒன்றை அவரும் இன்னொருவரும் பராமரித்தார்கள். பல நாடுகளில் ஆர்வம் உள்ளவர்கள் அதைத் தங்கள் போனில் போட்டுக்கொள்வார்கள். அது ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்க்கும். அதே நேரத்தில், தடை எதுவும் இல்லாத தூரதேசத்தில் இருக்கும் ஒரு கணினியும் அதே தளத்தைத் திறந்து பார்க்கும். அங்கே திறந்து இங்கே திறக்கவில்லை என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். நிரல் முழுவதும் பொதுவில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், குறை சொல்லலாம். கடைசி வேலையைத்தான் நிறையப் பேர் செய்தார்கள்.

பாட்டிலக்கா இதற்குள் வந்ததே ஒரு குடைச்சலில்தான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தளம் ஆபீஸில் திறந்தது, அவர் போனில் திறக்கவில்லை. மற்றவர்கள் என்றால் விட்டுத் தள்ளியிருப்பார்கள். இவருக்கு அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. இந்த மென்பொருளைத் தேடிப் பிடித்தார், அதிலும் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார், எழுதிக் கேட்டார். ‘முடிந்தால் நீங்களே திருத்துங்களேன்’ என்று பதில் வந்தது. ஒப்புக்குச் சொன்ன வார்த்தை அது. இவர் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு, நிரல் எழுதப் படித்து, நாலு மாதத்தில் திருத்தி அனுப்பினார். அப்படியே மாட்டிக்கொண்டார்.

கூட வேலை செய்பவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். நேரில் பார்த்ததில்லை. எந்தக் கேள்விக்கும் நாலு நாள் கழித்தே பதில் எழுதுவதால் பாட்டிலக்கா அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார். அவரிடமே அதைச் சொல்லியும் இருந்தார். நாலு நாள் கழித்து, ‘நன்றி’ என்று பதில் வந்தது.

இருவரும் உறுதியாக வைத்திருந்த விதி ஒன்று உண்டு. மென்பொருளை ஓட்டுகிறவர் யார், எந்த வீடு, எந்த நம்பர் என்று எதையும் சேமிப்பதில்லை. நேரம், இணைய கம்பெனியின் பெயர், கிடைத்த பதில், பதில் வர ஆன நேரம், அவ்வளவுதான். சில ஊர்களில் இதை ஓட்டுவதே வம்பு. தெரியாததை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது என்பது ஆமையின் வாதம்.

இந்தச் சமயத்தில்தான் கண்டக்டர் வந்து சேர்ந்தார். முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாலையில், எந்த வளைவில், எந்தத் தேதியில் எந்தப் பேருந்து கவிழ்ந்தது என்று ஒன்று விடாமல் தொகுத்து ஒரு தளம் நடத்தினார். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் முன் பெற்றோர்கள் அதைப் பார்ப்பார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு பாலத்தைப் பற்றி, அதன் கைப்பிடிச் சுவர் வெறும் பூச்சு என்று அவர் போட்டோவோடு எழுதிய மாதத்திலிருந்து தளத்துக்கு வரும் ஆட்கள் பாதிக்குமேல் குறைந்தார்கள். இணைய கம்பெனிகளைக் கேட்டால், ‘நாங்க ஒன்னும் பண்ணலையே’ என்றார்கள். அமைச்சகத்தைக் கேட்டால், அப்படி உத்தரவே இல்லை என்றார்கள். கண்டக்டர் மேல்முறையீட்டு அலுவலகத்தில் மனு போட்டார். அங்கே ஒரு மனு தள்ளுபடியானால் அதே விஷயத்துக்கு மறுபடி போட முடியாது. அதனால் ஆதாரம் கேட்டுப் பாட்டிலக்காவுக்கு எழுதினார்.

பாட்டிலக்கா அந்தத் தளத்தைச் சோதனைப் பட்டியலில் ஏற்றி, ஏழு மாத அளவுகளைத் தொகுத்து அறிக்கை கொடுத்தார். நாலு கம்பெனிகள் தளத்தைத் தடுக்கின்றன. மூன்றில் சேர்ந்து ஆயிரத்து முந்நூறு முறை. நாலாவது கம்பெனியில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல். கண்டக்டருக்கு அந்த ஐயாயிரத்தின் மேல் அப்படி ஒரு பிரியம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னார். விசாரணை திங்கட்கிழமை என்று ஓலை வந்தது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை, மதிய இடைவேளையில், பாட்டிலக்கா சும்மா இருக்கமுடியாமல் அறிக்கையை மறுபடி புரட்டினார். நாலாவது கம்பெனியில் ஐயாயிரம் முறை தடுக்கப்பட்ட தளம், எழுபத்தெட்டு முறை திறந்தும் இருந்தது. அறிக்கையில் அதை ‘ஏறக்குறைய எப்போதும் தடுக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இப்போது அந்த எழுபத்தெட்டு கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. தடுக்கிறவன் ஏன் எழுபத்தெட்டு முறை விட்டான்? அசந்துவிட்டானா? மெஷினை நிறுத்தித் துடைத்தானா?

எழுபத்தெட்டையும் பிரித்துப் போட்டார். அவை வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில், சிதறிக் கிடந்தன. தடுக்கப்பட்ட ஐயாயிரமோ மணிக்கு ஒன்றாக, ஒழுங்காக வரிசை கட்டி நின்றது. மனிதர்கள் இத்தனை ஒழுங்காக எதையும் செய்ய மாட்டார்கள். ஐயாயிரமும் ஒரே போன், ஒரே வீடு, எழுபத்தெட்டுதான் மற்ற வீடுகள் என்று பாட்டிலக்காவுக்குப் பட்டது.

பிறகு பதில் வர ஆன நேரத்தைப் பார்த்தார். மற்ற மூன்று கம்பெனிகளில், தளத்தின் நம்பருக்குப் பதிலாக வேறு நம்பரைக் காட்டும் பொய்ப் பதில் வந்து சேர முப்பது, நாற்பது மில்லிசெகண்ட் ஆகியிருந்தது. கம்பெனியின் மெஷின் வரை கேள்வி போய்த் திரும்ப அவ்வளவு ஆகும். இங்கே இரண்டு மில்லிசெகண்ட். இரண்டில் கேள்வி தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்காது. பதில் அந்த வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. தடுப்பது கம்பெனி இல்லை, அந்த வீட்டு ரவுட்டர்.

யாருடைய வீடு? அதைச் சொல்லக்கூடாது என்றுதான் அவரே நிரல் எழுதி வைத்திருந்தார். தான் பூட்டிய பூட்டின் முன்னால் தானே நிற்பது அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, உள்ளூர ஒரு குஷியாகவும் இருந்தது. அன்று மாலை அதே யோசனையில் பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து திரும்பினார்.

வெள்ளிக்கிழமை மதியம் இடைவெளிகளை எடுத்துப் பார்த்தார். ஏழு மாதத்தில் மணிக்கு ஒன்று தவறாமல் வந்த அளவு, நாலு இடத்தில் விட்டுப்போயிருந்தது. மூன்று சின்ன இடைவெளிகள். ஒன்று பெரியது: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து நாலு வரை. அந்தத் தேதியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தெருவில் மின்சாரத்தை நிறுத்தி டிரான்ஸ்பார்மர் மாற்றினார்கள். வியர்வையில் குளித்தபடி வீட்டுக்காரர் மின்வாரியத்தையும் அதன் ஏழு தலைமுறையையும் திட்டியது இன்னும் காதில் இருந்தது.

பாட்டிலக்கா அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஃப்ரிட்ஜின் மேல், பழைய செய்தித்தாளுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில், ஒரு பழைய போன் சார்ஜரில் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

ஏழு மாதத்துக்கு முன் மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடும்போது, அது நின்றுபோகாமல் ஓடுகிறதா என்று பார்க்க அவரே வைத்த போன். வீட்டு இணையம் அந்த நாலாவது கம்பெனியுடையது. மணிக்கு ஒருமுறை ஓடும்படி வைத்துவிட்டு மறந்தேபோனார். ‘இது சோதனை ஓட்டம், பொதுக் கணக்கில் சேர்க்காதே’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட வேண்டும். புதிதாக நிறுவினால் அது டிக் இல்லாமல்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆமையோடு மூன்று வாரம் சண்டை போட்டு ஜெயித்தவரும் இவர்தான்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அன்று வேலை சீக்கிரம் முடிந்து சோபாவில் சாய்ந்திருந்தார்.

“என்னங்க, ரவுட்டர்ல ஏதாவது கை வச்சீங்களா?”

“இன்னைக்கா? இல்லையே.”

“இன்னைக்கு இல்ல. ஆறேழு மாசம் முன்னாடி.”

அவர் யோசித்தார். “ஓ, அதுவா. டிவி-ல விளம்பரம் வந்து உயிரை எடுத்துச்சுல்ல? அதைத் தடுக்கிற லிஸ்ட் ஒன்னு ரவுட்டர்ல போட்டேன். சூப்பரா வேலை செய்யுது. ஏன், உனக்கு அப்போ சொன்னேனே. நீ கம்ப்யூட்டர்ல இருந்தே. ‘ம்’னு சொன்னே.”

‘ம்’ சொன்னது சத்தியமாக உண்மையாக இருக்கும். பாட்டிலக்கா அந்த லிஸ்டைத் திறந்து தேடினார். இரண்டு லட்சம் பெயர்களுக்கு நடுவில் கண்டக்டரின் தளத்தின் பெயர் இருந்தது. அவர் வாங்கிய பெயர், முன்னொரு காலத்தில் பேருந்தின் முதுகில் விளம்பரம் ஒட்டும் கம்பெனி ஒன்றிடம் இருந்திருக்கிறது. கம்பெனி போய்விட்டது. பெயர் லிஸ்டிலேயே தங்கிவிட்டது.

“எவனோ ஊர்ல தடுக்கிறான்னு ஒன்பது வருஷமா தேடுறே. கடைசியில என்னையே புடிச்சிட்டியே” என்றார் வீட்டுக்காரர். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாட்டிலக்காவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் நாள்காட்டியைப் பார்த்தார். திங்கட்கிழமைக்கு இடையில் இரண்டே நாள். தடுக்காத ஒரு கம்பெனியைத் தடுத்ததாக, கையெழுத்துப் போட்டு, குற்றம் சாட்டி வைத்திருக்கிறார். ஆய்வகத்தில் தினமும் தன் பாட்டிலைச் சோதிக்கிறவர், வீட்டில் அதைச் செய்யவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆமைக்கு எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: ‘அந்த எண்களை நீக்கிவிட்டேன். காரணத்தையும் எழுதிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரருக்கு என் அன்பு.’

கண்டக்டருக்கு அன்பு எதுவும் இல்லை. சனிக்கிழமை அவருடைய அறைக்குப் போய்ச் சொன்னபோது, சுவர் முழுக்க ஒட்டியிருந்த சாலை வரைபடங்களுக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார்.

“ஐயாயிரம் போச்சா?”

“போச்சுண்ணே. மீதி ஆயிரத்து முந்நூறு சுத்தமா இருக்கு.”

“ஏம்மா, யார் கேக்கப் போறாங்க? நாலு கம்பெனின்னு எழுதிக் கொடுத்தாச்சு. இப்ப போய் ‘என் வீட்டு ஃப்ரிட்ஜு மேல இருந்துச்சு’ன்னு சொன்னா, மொத்தத்தையும் தூக்கி எறிஞ்சிடுவான். இதுதான் கடைசி பஸ். இதை விட்டா எனக்கு வேற பஸ் இல்ல.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சுமா? சும்மா இருந்தா யாருக்குத் தெரியும்?”

“அந்தக் கம்பெனிக்காரங்களுக்குத் தெரியும்ல. தடுக்கலன்னு அவங்களுக்கே தெரியும். அவங்க வந்து நிரூபிச்சா அப்ப என்ன பண்ணுவோம்?”

கண்டக்டர் வரைபடத்தில் ஒரு வளைவின் மேல் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி அதே இடத்தில் மறுபடி குத்தினார். “ஏறின பிறகு எறங்க முடியாது. வா” என்றார். திங்கட்கிழமை பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

விசாரணை அறையில் நீள மேஜை ஒன்று, தண்ணீர்க் கூஜா ஒன்று, முனகும் மின்விசிறி ஒன்று. விசாரணை அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த அம்மாள். அமைச்சகத்திலிருந்து சட்டை கசங்காத ஒருவர். மூன்று கம்பெனிகளுக்கு மூன்று வக்கீல்கள். நாலாவது கம்பெனியின் வக்கீலுக்குக் காய்ச்சலாம். அவருக்குப் பதிலாக ஓர் இன்ஜினியரை அனுப்பியிருந்தார்கள். அவர் மடியில் இரண்டு கிலோ காகிதம் இருந்தது.

பாட்டிலக்கா எழுந்ததும் தப்பைத்தான் முதலில் சொன்னார். போன், ஃப்ரிட்ஜ், டிக், லிஸ்ட், வீட்டுக்காரர், எதையும் விடவில்லை.

அமைச்சகத்துக்காரர் துள்ளிக் குதிக்காத குறை. “பாத்தீங்களா மேடம்? இவங்க வீட்டு ரவுட்டர் தடுத்ததை அரசாங்கத்து மேல போட்டிருக்காங்க. உத்தரவே கிடையாதுன்னு நாங்க முதல்லேர்ந்து சொல்றோம். மத்ததும் இப்படித்தான் இருக்கும்.”

அதிகாரி பாட்டிலக்காவைப் பார்த்தார். “அவர் கேக்கறதுல தப்பில்லையே. மீதியும் யாரோ ஒருத்தர் வீட்டு ரவுட்டர் இல்லன்னு நான் எப்படி நம்பறது?”

“ரெண்டு மில்லிசெகண்ட் எங்க வீடு மேடம். மீதி எல்லாம் முப்பதுக்கு மேல. மூணு கம்பெனியிலயும் தப்பான பதிலா வர்ற நம்பர் ஒரே நம்பர். மூணு ஊர்ல மூணு வீட்டுக்காரங்க பேசி வச்சுக்கிட்டு ஒரே நம்பரைப் போட முடியாது.” சொல்லிவிட்டு, அதே மூச்சில், “அந்த வீடுங்க யாருதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் வச்சிருக்கோம்” என்றார்.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. கண்டக்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. நாலாவது கம்பெனி மேல புகார் இல்லன்னு ஆயிடுச்சு. நீங்க போலாம்” என்று அதிகாரி இன்ஜினியரிடம் சொன்னார்.

இன்ஜினியர் எழுந்தார். காகிதங்களை அடுக்கினார். போகும் வழியில் பாட்டிலக்காவின் பக்கம் திரும்பி, மனசு நிறைந்து சொன்னார்: “ரொம்ப தேங்க்ஸ் மேடம். மாசக்கணக்கா தலைபாடா அடிச்சிக்கிட்டோம், நாங்க தடுக்கவே இல்லைன்னு. தடுக்கச் சொல்லி லெட்டர் வந்தது வாஸ்தவம்தான். ஆனா அதைத் தடுக்கிற மெஷின் எங்ககிட்ட அப்போ ரிப்பேரு. இன்னும் ஸ்பேர் வரல. அதோட சர்வீஸ் ரசீது எல்லாம் இதோ இருக்கு.”

மூன்று வக்கீல்களும் ஒரே நேரத்தில் மேஜையின் மரத்தை ஆராயத் தொடங்கினார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன லெட்டர்?”

இன்ஜினியருக்கு அப்போதுதான் உறைத்தது. அமைச்சகத்துக்காரரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “எல்லா கம்பெனிக்கும் வந்ததுதானே மேடம்?” என்றார், மெல்ல.

பிற்பகல் மூன்று மணிக்கு, அமைச்சகம் அனுப்பிய அந்தக் கடிதம் மேஜைக்கு வந்தது. அரைப் பக்கம். காரணம் ஒரு வரி கூட இல்லை. கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. அதிகாரி கடிதத்தையே ரத்து செய்தார். வெளியே படிக்கட்டில் கண்டக்டர் பாட்டிலக்காவின் தலையில் கை வைத்தார். “ஃப்ரிட்ஜை வித்துடாதே” என்றார்.

அந்த வாரமே தளத்தில் பாலத்தைப் பார்க்க ஆட்கள் திரும்பி வந்தார்கள். கண்டக்டர் தினமும் காலையில் எண்ணிக்கையைப் போனில் ஒப்பித்தார்.

ஆனால் பாட்டிலக்காவின் கையில் அந்தக் கடிதத்தின் நகல் இருந்தது. அதில் இருந்தது ஒரு தளத்தின் பெயர் இல்லை, பன்னிரண்டின் பெயர்கள். கண்டக்டர் கேட்டதால் அவர் தளம் சோதனைப் பட்டியலில் ஏறியது. மற்றப் பதினொன்றை யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. ஆகவே உலகத்தில் ஒரு போன்கூட அவற்றைத் தட்டிப் பார்த்ததில்லை. பாட்டிலக்கா ஒவ்வொன்றாகத் திறந்தார். சில செத்துப்போயிருந்தன. ஒன்பதாவது, எங்கோ ஒரு நர்ஸ் நடத்தியது. எந்த ஊர் அரசு மருந்தகத்தில் எந்த மருந்து தீர்ந்துபோயிருக்கிறது என்று வாராவாரம் எழுதியிருந்தார், மூன்று வருடம். கடைசிப் பதிவுக்குப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

‘இப்போதெல்லாம் இதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இதுவரை படித்தவர்களுக்கு நன்றி.’

பாட்டிலக்காவுக்குக் கோபம் வந்தது. விசாரணை அறையில்கூட வராத கோபம். பதினொரு பெயரையும் பட்டியலில் ஏற்றினார். பிறகு நர்ஸின் முகவரிக்கு, கடிதத்தின் நகலை இணைத்து, நாலு வரி எழுதினார். ‘உங்கள் தளத்துக்கு ஆட்கள் வராமல் இல்லை. வர விடாமல் வைத்திருந்தார்கள். நாங்களும் கவனிக்கவில்லை, மன்னியுங்கள். இப்போது திறந்துவிட்டது.’

பதில் வரவில்லை. முகவரி பழையதாக இருக்கலாம். மூன்றாம் நாள் மதியம், ஆய்வகத்தில் பாட்டில்களைக் கழுவி வைத்துவிட்டு, சும்மா பார்ப்போமே என்று அந்தத் தளத்தைத் திறந்தார். நன்றி சொன்ன வரிக்கு மேலே அன்றைய தேதி இருந்தது. அதன் கீழே, ‘இந்த வாரம் இல்லாத மருந்துகள்’ என்று ஏழு பெயர்கள் இருந்தன.

“என்னக்கா, அழுவுறீங்க?” என்றாள் பக்கத்து மேஜைப் பெண்.

“ஒன்னுமில்ல. இன்சுலின் இல்லையாம்” என்றார் பாட்டிலக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு.